வேரும் விழியும்

நுழையும்முன்

நம் மண்ணில் விளையும் ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்த பொருள் கண்ணின் உள்ளழுத்தத்தைக் குறைக்கிறது என்று ஆய்வுக்கூடங்கள் அறிவித்தன. தலைகீழாக நின்றாலும் தியானத்தில் அமர்ந்தாலும் அது குறையும் என்று சொல்வோரும் உளர். இத்தகைய கூற்றுகளை எவ்வாறு சோதிப்பது? அழுத்தம் குறைந்தால் பார்வை காக்கப்பட்டதாகக் கொள்ளலாமா? இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

மருந்துக்கூர்க்கன்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து சென்றால் கல்வராயன் மலைச்சாலை தொடங்குகிறது. வளைந்து ஏறும் அச்சாலை கரியாலூரைக் கடந்து வெள்ளிமலையை அடைகிறது. மலைக்குக் கீழே கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் நிலங்கள் பரந்துள்ளன. கள்ளக்குறிச்சி, சேலம் வட்டாரங்களின் செம்மண் நிலங்களில் சில உழவர்கள் மருந்துக்கூர்க்கன் என்னும் செடியையும் பயிரிடுகின்றனர். துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி, நம் வீட்டு முற்றத்துக் கற்பூரவள்ளிக்கும் சமைத்துண்ணும் சிறுகிழங்குக்கும் நெருங்கிய உறவுடையது. முழங்கால் உயரம் வளர்ந்து, நீலம் கலந்த ஊதாநிறத்தில் பூக்கும். ஆயினும் இதன் செல்வம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

நுனித்தண்டுகளை நட்டு வளர்க்கும் இப்பயிரை ஆறு மாத அளவில் வேரோடு அகழ்ந்தெடுப்பர். கேரட்டைப் போலத் திரண்ட வேர்களைத் துண்டுகளாக நறுக்கி, வெயிலில் உலர்த்தி, மூட்டைகளாகக் கட்டி அனுப்புவர். பெரும்பாலும் ஒப்பந்தமுறைச் சாகுபடியாதலால் விலையை முன்னரே பேசி முடிப்பர். இவ்வேர் எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டால் ‘மருந்துக்கு’ என்ற ஒரு சொல்லே விடையாக வரும். எந்த மருந்துக்கு என்பதை அறிய, நாம் நிலத்தை விட்டு ஆய்வுக்கூடத்துக்குச் செல்ல வேண்டும்.

1970களில் மும்பையில் இயங்கிய ஹோக்ஸ்ட் ஆராய்ச்சி மையத்தினர் இந்திய மூலிகைகள் பலவற்றை ஆராய்ந்தபோது, இவ்வேரிலிருந்து ஃபோர்ஸ்கோலின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதே காலத்தில் லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இச்செடியை ஆராய்ந்தனர். முதலில் இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் இது பயன்படுமா என்றே பார்த்தனர். பின்னர் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காப்ரியோலி, சியர்ஸ் ஆகிய கண் மருத்துவ ஆய்வாளர்கள் இதனைக் கண்ணில் சொட்டாக இட்டுப் பார்த்தனர். முயல், குரங்கு, மனிதர் ஆகிய மூவகைக் கண்களிலும் அழுத்தம் குறைந்தது என்று 1983ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் அவர்கள் எழுதினர்.

நம் வட்டாரத்து வேர் உலகின் முன்னணி மருத்துவ இதழில் இடம்பெற்றது பெருமைதான். அந்தப் பெருமிதத்தைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, கண்ணின் அழுத்தம் என்றால் என்ன என்பதைக் காண்போம்.

கண்ணுக்குள் ஓர் அணை

கண்ணின் முன்பகுதியில், கருவிழிக்கும் கண்வில்லைக்கும் இடையே, தெளிந்த நீர் ஒன்று இடைவிடாது சுரந்து வடிகிறது. இது நாம் அழும்போது வெளிவரும் கண்ணீர் அன்று. கண்ணுக்குள்ளேயே பிறந்து கண்ணுக்குள்ளேயே வடிவது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 2.5 மைக்ரோலிட்டர் அளவே சுரக்கும். மருந்துப் புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டின் அளவு சேர்வதற்கு ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும். இரத்தக்குழாய் இல்லாத கருவிழிக்கும் கண்வில்லைக்கும் இந்நீரே உணவளிக்கிறது. பின்னர்க் கண்ணின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற திசுவின் வழியே வடிந்து இரத்தத்தில் கலக்கிறது.

கோமுகி அணையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். வரும் நீரும் மதகின் வழியே செல்லும் நீரும் சமமாக இருக்கும்வரை நீர்மட்டம் மாறாது. மதகு அடைபட்டால் மட்டம் உயரும். கண்ணிலும் அவ்வாறே வடிகால் தடைப்படும்போது அழுத்தம் கூடுகிறது. பொதுவாகக் கண்ணின் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும்.

கூடிய அழுத்தத்தின் சுமை, கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் இறங்குகிறது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள் ஒன்றாகத் திரண்டு செல்லும் வாயில் அது. அங்கே இழைகள் சிறிது சிறிதாக மடிகின்றன. இதுவே கண்நீர் அழுத்த நோய். மருத்துவர் இதனைக் குளுக்கோமா என்பர். கண்புரையை அறுவை மருத்துவத்தால் நீக்கிப் பார்வையை மீட்கலாம். குளுக்கோமாவில் மடிந்த நரம்பிழை மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சியிருப்பதைக் காக்க மட்டுமே இன்றைய மருத்துவத்தால் இயலும்.

பெரும்பான்மையோரிடம் காணப்படும் வகையில் வலி இல்லை. கண் சிவப்பதும் இல்லை. பார்வை நடுவில் தெளிவாகவே இருக்கும். ஓரங்கள் மட்டும் மெல்லக் கரையும். ஒரு கண் இழந்த பகுதியை மறுகண் ஈடுசெய்துவிடுவதால் இழப்பு நெடுங்காலம் தெரிவதே இல்லை.

என்னுடன் பணியாற்றிய மூத்த ஆசிரியர் ஒருவரை இங்கே குறிப்பிட வேண்டும். விடைத்தாள் திருத்துவதில் அவரை விஞ்சியவர் எங்கள் பள்ளியில் எவரும் இலர். ஓர் ஆண்டு, தாளின் ஓரத்தில் எழுதப்பட்ட மதிப்பெண்களைக் கூட்டாமல் விடத் தொடங்கினார். வகுப்பறை மேடையிலிருந்து இறங்கும்போது இருமுறை தடுமாறினார். முதுமை என்று எண்ணினோம்; அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயதுதான். உண்மையில் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே குளுக்கோமா என்று கண்டறிந்து, அவருக்குச் சொட்டு மருந்து எழுதித் தந்திருந்தனர். “ஊற்றினாலும் ஒன்றும் தெரியவில்லை, ஊற்றாவிட்டாலும் ஒன்றும் தெரியவில்லை, எதற்கு ஐயா?” என்று அவர் அதனை நிறுத்திவிட்டார். அதற்கு மாற்றாக, ஊர் ஊராக வரும் விற்பனையாளர் ஒருவரிடம் மூலிகைச் சொட்டு வாங்கி இட்டுவந்தார். ‘கண் குளிர்ச்சியாக இருக்கிறது’ என்பதே அவர் கண்ட பயன்.

அவர் அறியாதவர் அல்லர். கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். தமக்குத் தெரிந்த ஒரே சான்றாகிய தம் உணர்வைக்கொண்டு மருந்தை மதிப்பிட்டார். இந்நோயிலோ உணர்வு சான்றாகாது. ஆதலால்தான் அளவீடு தேவைப்படுகிறது.

அளவீடும் ஏமாற்றும்

கருவிழியை மரத்துப்போகச் செய்யும் சொட்டு ஒன்றை இட்டு, நீல ஒளியில், சிறு முகப்பு ஒன்றைக் கருவிழியின்மேல் மெல்லப் பொருத்தி அழுத்தத்தை அளப்பர். 1950களில் கோல்ட்மன் என்பார் உருவாக்கிய இக்கருவியே இன்றும் உரைகல்லாக விளங்குகிறது. கருவி நம்பத்தக்கது, ஆனால், ஒரே ஓர் அளவை நம்பி முடிவு செய்தல் கூடாது.

கண்ணின் அழுத்தம் நாள் முழுதும் ஒரே அளவாக நிற்பதில்லை. நலமுள்ள கண்ணில் ஒரே நாளில் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை ஏறி இறங்கும். நோயுற்ற கண்ணில் இவ்வேறுபாடு 10ஐக் கடப்பதும் உண்டு. காலையில் 26 என்று அளந்தவர் ஒரு மூலிகையை உண்டு, மறுவாரம் மாலையில் 20 என்று அளந்தால், குறைத்தது மூலிகையா, மாலைப்பொழுதா?

இதனினும் நுட்பமான ஏமாற்று ஒன்று உண்டு. ஆசிரியர் எவரும் அதனை வகுப்பிலேயே கண்டிருப்பர். மாதத் தேர்வில் முதல் பத்து இடங்களைப் பெற்ற மாணவர்களை மட்டும் தனியே எடுத்து அவர்களின் அடுத்த தேர்வு மதிப்பெண்களைப் பாருங்கள். அவர்களின் சராசரி சற்றே இறங்கியிருக்கும். அவர்கள் சோம்பினர் என்பதன்று. முதல் தேர்வில் அவர்களின் திறமையோடு அன்றைய நற்பேறும் சேர்ந்து அவர்களை உச்சியில் வைத்தது. மறுமுறை நற்பேறு உடன்வரவில்லை. புள்ளியியலார் இதனைச் ‘சராசரிக்குத் திரும்புதல்’ என்பர். அழுத்தம் மிக உயர்ந்திருந்த நாளில் அளந்து, ‘இவர் நோயாளர்’ என்று தெரிந்தெடுத்த ஒருவரை மீண்டும் அளந்தால், எம்மருந்தும் இடாமலே அளவு சற்றுக் குறைந்து காணப்படுவதற்கு வாய்ப்பு மிகுதி. அந்த இடைவெளியில் அவருக்கு எதைக் கொடுத்திருந்தாலும் அது மருந்தென்று பெயர் பெறும்.

இவ்வுண்மையை எண்ணால் காட்டும் ஆய்வு ஒன்று உள்ளது. பிரிட்டனில் புதிதாகக் குளுக்கோமா கண்டறியப்பட்ட 516 பேரிடம் நடந்த அவ்வாய்வின் முடிவுகள் 2015ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் வெளியாயின. குலுக்கல் முறையில் அவர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு லட்டானோபுரோஸ்ட் என்னும் சொட்டு மருந்தையும் மற்றதற்கு மருந்துப்பொருள் இல்லாத போலிச் சொட்டையும் கொடுத்தனர். எவருக்கு எது என்பது நோயாளருக்கும் தெரியாது. அளந்த மருத்துவருக்கும் தெரியாது. மருந்து பெற்றோரின் அழுத்தம் சராசரியாக 3.8 மில்லிமீட்டர் குறைந்தது. போலிச் சொட்டு பெற்றோருக்கும் 0.9 மில்லிமீட்டர் குறைந்தது! ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால் இந்த 0.9உம் மருந்தின் கணக்கிலேயே ஏறியிருக்கும்.

அவ்வாய்வின் சிறப்பு அதனோடு முடியவில்லை. இரண்டாண்டு முடிவில் எத்தனை பேரின் பார்வைப்புலம் குறைந்தது என்றும் பார்த்தனர். போலிச் சொட்டு பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேருக்கும், மருந்து பெற்றோரில் 15 பேருக்கும் குறைந்திருந்தது. மருந்து எல்லாரையும் காக்கவில்லை. ஆனால் காத்தது என்பது உறுதியாயிற்று. இங்கே மற்றொன்றையும் கருத வேண்டும். 21ஐக் கடந்த அழுத்தத்தோடு பல்லாண்டுகள் நரம்பு சிதையாமல் வாழ்வோர் உளர். 16, 17 என்ற அளவிலேயே நரம்பு சிதைந்தோரும் உளர். அழுத்தம் என்பது அடையாளம். நாம் காக்க விரும்புவது பார்வை. அடையாளம் மாறிய அளவிலேயே காரியம் முடிந்ததாகக் கொள்வது அவசரம்.

மீண்டும் வேருக்கு

இந்த அறிவோடு மருந்துக்கூர்க்கனிடம் திரும்புவோம். ஃபோர்ஸ்கோலின் உயிரணுக்களில் உள்ள அடினைலேட் சைக்ளேஸ் என்னும் நொதியைத் தூண்டுகிறது. அதன் விளைவாகக் கண்ணில் நீர் சுரப்பது குறைகிறது என்பது ஆய்வாளர் தரும் விளக்கம். அணைக்கு வரும் நீரையே குறைக்கும் வழி இது. 1983க்குப் பின் மனிதரிடம் நடந்த பல ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. இந்தியாவில் 90 நோயாளரிடம் 1 விழுக்காடு ஃபோர்ஸ்கோலின் சொட்டைச் சோதித்த ஆய்வொன்று 2015ஆம் ஆண்டு வெளியாயிற்று. நான்கு வாரத்தில் ஒரு கண்ணில் சராசரியாக 4.5 மில்லிமீட்டரும் மறுகண்ணில் 5.4 மில்லிமீட்டரும் அழுத்தம் குறைந்ததாக அதில் கூறப்பட்டது.

எண்கள் நன்றாகவே உள்ளன. ஆனால் நாம் இப்போது கேட்கக் கற்ற வினாக்களைக் கேட்போம். ஒப்பீட்டுக் குழு உண்டா? இல்லை, எல்லாரும் அதே மருந்தைப் பெற்றனர், பெறுவதை அறிந்தும் இருந்தனர். சேர்க்கப்பட்டோர் யாவர்? அழுத்தம் 24க்கு மேல் இருந்தவர். அப்படியானால் சராசரிக்குத் திரும்புதல் எவ்வளவு, மருந்தின் வேலை எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. நான்கு வாரம் போதுமா? அழுத்தத்தைப் பார்க்கப் போதும். பார்வைப்புலத்தைப் பார்க்கப் போதாது. இதனால் ஃபோர்ஸ்கோலின் பயனற்றது என்று கூறிவிட முடியாது. அது பெரிய ஆய்வுக்குத் தகுதியுடைய ஒரு பொருள் என்பதே இதிலிருந்து பெறத்தக்க முடிவு. எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. நம் செம்மண்ணில் விளையும் வேருக்கு, லட்டானோபுரோஸ்ட் பெற்றது போன்ற நெடிய, மறைப்புமுறைச் சோதனை கிடைத்திருக்க வேண்டும்.

வேரை அரைத்துக் கண்ணில் இடலாமா என்று எண்ணுவோருக்கு ஓர் எச்சரிக்கை. உலர்ந்த வேரில் ஃபோர்ஸ்கோலின் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதுவும் செடிக்குச் செடி வேறுபடும். கிருமி நீக்காத எச்சாறும் கருவிழியில் புண்ணை உண்டாக்கக்கூடும். அப்புண் குளுக்கோமாவைவிட விரைவாகப் பார்வையைப் பறிக்கும்.

செடியிலிருந்து வந்தது என்பதனாலேயே ஒரு மருந்து மாற்று மருத்துவமாகிவிடாது என்பதற்கு வரலாறு சான்று தருகிறது. ஆப்பிரிக்காவின் கலாபார் பகுதியில், குற்றவாளியைக் கண்டறிய நச்சு அவரை ஒன்றை உண்ணச் செய்யும் வழக்கம் இருந்தது. அவ்வவரையிலிருந்து எடுத்த ஃபைசோஸ்டிக்மின் என்னும் பொருளைத்தான் 1876ஆம் ஆண்டில் லுட்விக் லாக்கர் என்னும் மருத்துவர் குளுக்கோமாவுக்குப் பயன்படுத்தினார். அவரே அந்நோயால் வருந்தியவர். அதே காலத்தில் பிரேசில் நாட்டுப் புதர்ச்செடி ஒன்றிலிருந்து வந்த பைலோகார்ப்பின் நூறாண்டுக்கு மேலாகக் கண் மருத்துவமனைகளில் பயன்பட்டது. சோதனையைக் கடந்ததால் அவை மருந்தாயின.

தலைகீழ் நிற்றலும் தியானமும்

மருந்தில்லா வழிகளுள் மிகுதியாகப் பேசப்படுவது யோகம். இதில் நம் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் செய்த ஆய்வு குறிப்பிடத்தக்கது. சிரசாசனம் பழகிய 75 பேரின் கண் அழுத்தத்தை, அவர்கள் தலைகீழாக நின்ற நிலையிலேயே அளந்தனர். 2006ஆம் ஆண்டு வெளியான முடிவு இது: சிரசாசனத்தின்போது அழுத்தம் ஏறத்தாழ இருமடங்காக உயர்கிறது, அந்நிலையில் நிற்கும்வரை உயர்ந்தே இருக்கிறது. எவ்வயதினருக்கும் இதுவே நிலை. நலமுள்ள அப்பயிற்சியாளர்களிடம் நிலையான உயர் அழுத்தம் மிகுதியாகக் காணப்படவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறையாமல் எழுதினர். ஆயினும் நரம்பு ஏற்கெனவே நலிந்த ஒருவர் இந்த ஏற்றத்தைத் தாங்குவார் என்று கொள்வதற்கில்லை. கண்ணுக்கு நல்லது என்று பலரும் நம்பிய ஒரு பயிற்சியே அழுத்தத்தை ஏற்றியது. அளந்து பாராமல் இதனை அறிந்திருக்க முடியுமா?

தியானத்தின் கதை வேறு. புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தார் 90 குளுக்கோமா நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினர் 21 நாள்கள், நாளும் காலையில் ஒரு மணி நேரம் பயிற்றுநர் முன்னிலையில் தியானம் செய்தனர். மற்றவர் தியானமின்றி வழக்கமான மருத்துவத்தையே தொடர்ந்தனர். தியானக் குழுவில் அழுத்தம் ஏறத்தாழ 19லிருந்து 13 அளவுக்கு இறங்கியது என்றும், மன இறுக்கத்தைக் காட்டும் கார்ட்டிசால் போன்ற பொருள்கள் இரத்தத்தில் குறைந்தன என்றும் 2018ஆம் ஆண்டு எழுதினர். ஒப்பீட்டுக் குழு இருந்தமையால் இதன் எடை கூடுகிறது. ஆனால் 21 நாள் என்பது, பல்லாண்டு நீடிக்கும் நோயில் ஒரு கணம். போலிச் சொட்டு உண்டு. போலித் தியானம் என ஒன்றை அமைப்பது எளிதன்று. தாம் தியானம் செய்வதை ஒருவரிடமிருந்தே மறைக்கவும் இயலாது. எனவே இத்தகைய வழிகளைச் சொட்டு மருந்தோடு சேர்த்தே சோதிக்கின்றனர். மருந்தை நிறுத்திவிட்டுச் சோதிப்பது, திரும்பி வராத நரம்பை வைத்துச் சூதாடுவதாகும்.

தெரியுமா?
கஞ்சா கண்ணின் அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1971ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஹெப்ளர், ஃபிராங்க் ஆகியோர் கண்டனர். அது உண்மையே. ஆனால் அதன் பயன் மூன்று நான்கு மணி நேரமே நிற்கும். நாள் முழுதும் அழுத்தத்தைத் தாழ்த்தி வைக்க இரவும் பகலும் ஆறு, எட்டு முறை உட்கொள்ள வேண்டும். அறிவு மயங்கும், இரத்த அழுத்தம் தாழ்ந்து பார்வை நரம்புக்குச் செல்லும் இரத்தமும் குறையக்கூடும். ஆகவே கண் மருத்துவர் சங்கங்கள் இதனைப் பரிந்துரைப்பதில்லை. அழுத்தத்தைக் குறைப்பதெல்லாம் மருந்தாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இல்லை.

மலையும் மருத்துவமும்

சித்த மருத்துவம் கண்நோய்களைத் தொண்ணூற்றாறாக வகுத்துரைக்கிறது. கல்வராயன் மலைவாழ் மக்களிடம் கடுக்காய் முதலிய வனப்பொருள்களைப் பற்றிய அறிவு தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது. அவ்வறிவை எள்ளி ஒதுக்குவது, அதனைச் சோதியாமல் ஏற்பதைப் போன்றே தவறு. ஃபோர்ஸ்கோலின் கிடைத்ததும் இந்திய மூலிகைகளைத் தேடிச் சென்றதால்தான். ஆனால் கருவி இல்லாக் காலத்தில் வாழ்ந்த மருத்துவர் ஒருவர், வலியும் சிவப்பும் இல்லாமல் வரும் அழுத்தத்தைத் தம் மருந்து குறைத்ததா இல்லையா என்று எவ்வாறு அறிந்திருக்க முடியும்? அவர்மேல் குறை கூறுவதற்கில்லை. கருவி உள்ள இக்காலத்திலும் அளவாமல் விற்போர்மேல்தான் குறை. கண் சிவந்தால் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி ஊற்றும் ஸ்டீராய்டு சொட்டுகளும் சிலருக்கு அழுத்தத்தை உயர்த்திவிடுகின்றன என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். ஏமாறுவது மூலிகையால் மட்டும் நிகழ்வதன்று.

இவற்றுக்கெல்லாம் முன்னே நிற்கும் இடர் ஒன்று உண்டு. தமிழகத்தின் மூன்று தென்மாவட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5150 பேரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் ஆராய்ந்து 2003ஆம் ஆண்டு எழுதினர். நூற்றுக்கு 2.6 பேருக்குக் குளுக்கோமா இருந்தது. அவர்களுள் பெருவகையான திறந்தகோண நோயினரில் 93 விழுக்காட்டினர், தமக்கு நோய் இருப்பதையே அதுவரை அறிந்திருக்கவில்லை. எம்மருந்து சிறந்தது என்ற வாதத்துக்குள் அவர்கள் நுழையவே இல்லை.

கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டு தனி மாவட்டமாயிற்று. 2022ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. மலையிலிருந்து இறங்கி வருவோருக்கு வழி முன்னினும் எளிதாகியுள்ளது. ஆயினும் வலியில்லாத ஒன்றுக்காக ஒருநாள் கூலியை இழந்து பேருந்தேறி வருவார் யார்? கண்ணாடிக்காக வரும்போது அழுத்தத்தையும் நரம்பையும் சேர்த்துப் பார்ப்பதே நடைமுறையில் பயன் தருகிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் இடர் பன்மடங்கு கூடுவதால், அக்குடும்பத்தார் அனைவரும் நாற்பதுக்குள்ளேயே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

முன்னர்க் குறிப்பிட்ட ஆசிரியர் மீண்டும் சொட்டு மருந்தைத் தொடங்கினார். இழந்த ஓரங்கள் திரும்பவில்லை. இரவு ஒன்பது மணிக்கு மருந்திட மறவாதிருக்க, சுவர்க்கடிகாரத்தில் ஒன்பது என்னும் எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தார். அழுத்தம் அளந்த ஒவ்வொரு முறையும் நாள், நேரம், அளவு மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதினார். கணித ஆசிரியர் அல்லவா! ‘ஒரே எண்ணை நம்பாதே’ என்று தாமே அதன் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார். அவ்வாண்டு கோடை விடுமுறையில் தம் தங்கையையும் இரு மகன்களையும் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மகன்களுக்குக் குறையொன்றும் இல்லை. தங்கையின் அழுத்தம் 27. பார்வை நரம்பில் சிதைவு இன்னும் தொடங்கியிருக்கவில்லை.